சோளத்தில் ஒளிந்திருந்த புதிர்

பொன்மலைப் பிள்ளைகளுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சங்குச் சத்தம் நன்றாகத் தெரியும். சங்கு ஊதினால் உள்ளே வேலை தொடங்கிவிடும். நம் தசைச் செல்களுக்கும் அப்படி ஒரு சங்கு உண்டு. அதுதான் லூசின்.

பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றிலுள்ள புரதம் நம் குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. புரதம் கட்ட உதவும் 20 அமினோ அமிலங்களில் 9-ஐ நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். லூசின் அந்த ஒன்பதில் ஒன்று. அது செல்லுக்குள் போனதும் தசைப் புரதம் கட்டும் வேலை சூடுபிடிக்கிறது. ஆனால் சங்கு ஊதினால் மட்டும் ரயில்பெட்டி தயாராகிவிடுமா? இரும்பும் வந்திருக்க வேண்டுமே! மற்ற அமினோ அமிலங்கள் இல்லாமல் லூசினால் மட்டும் தசை வளராது.

30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.3 கிராம் லூசின் போதும். ஓர் அவித்த முட்டையிலேயே ஏறக்குறைய அரை கிராம் இருக்கிறது.

அப்படியானால் லூசினை நிறையச் சாப்பிட்டால் இன்னும் நல்லதா? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது.

பொன்மலையில் உருவான நீராவி எஞ்சின்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகின்றன அல்லவா? அந்தக் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் சிறிய அளவில் ஓர் உணவு ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து பெரிய ஆய்வுக்கூடமாகி 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. இன்று அதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அங்கே பணியாற்றினார்.

தக்காணப் பகுதியில் சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழை உழைப்பாளிகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. வெயில் படும் கழுத்திலும் கையிலும் தோல் கறுத்து வெடிக்கும். வயிற்றுப்போக்கு வரும். மனமும் குழம்பும். நியாசின் என்ற வைட்டமின் குறைந்தால் வரும் நோய் இது. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் உடம்பு நியாசினைச் செய்துகொள்ளும். மக்காச்சோளத்தில் டிரிப்டோபான் குறைவு. அதையே உண்பவர்களுக்கு நோய் வருவது புரிகிறது. சோளத்தில் அது அவ்வளவு குறைவில்லை. பிறகு ஏன் வந்தது?

கோபாலனும் அவருடைய சகா ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ஒரு விடை சொன்னார்கள். சோளத்தில் லூசின் மிக அதிகம். அது அளவு மீறினால், நியாசின் உடம்புக்குப் பயன்படுவது தடைப்படுகிறது என்றார்கள். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. ஆனாலும் சத்துகளுக்கிடையே சமநிலை வேண்டும் என்று உலகத்தையே யோசிக்க வைத்தவர்கள் நம் ஆய்வாளர்கள். எனக்கு அதில் பெரிய பெருமை உண்டு.

இதற்காகச் சோளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது நல்ல தானியம். அதை மட்டுமே சாப்பிட வேண்டிய வறுமைதான் நோயைக் கொண்டுவந்தது. மிக அரிதாகச் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே லூசினைச் சிதைக்க முடியாது. அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் தனி உணவு வேண்டும்.

பொன்மலைச் சந்தையில் அம்மா சோளம் வாங்கினால், பாசிப்பயறும் கீரையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். ஜிம்முக்குப் போகும் அண்ணன் குடிக்கும் புரதப் பவுடரை மட்டும், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.