வாழிடமும் உடலமைப்பும்: கடற்பசு உணர்த்தும் உண்மை

ஓருயிர் தான் வாழும் இடத்துக்கேற்ற உடலமைப்பையும் நடத்தையையும் பெற்றிருத்தலை உயிரியலார் இசைவாக்கம் என்பர். ஒட்டகத்தின் அகன்ற பாதமும், தாராவின் விரலிடைச் சவ்வும் இதற்கு உதாரணங்களாக மாணாக்கர் யாவரும் கற்றவையே. ஆயினும், இவற்றை மனனஞ் செய்யும் நாம், இசைவாக்கத்தை விலங்கு பூண்டுள்ளதோர் அணிகலன்போலக் கருதிவிடுகின்றோம். அது விலங்கின்கண் மட்டும் அமைந்ததொரு சிறப்பன்று. விலங்கையும் இடத்தையும் பிணிக்குமொரு தொடர்பாகும். அத்தொடர்பின் இயல்பை, நமது கடலில் வாழும் விலங்கொன்றைக் கொண்டு ஆராய்வாம்.

மன்னார்க் குடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் கடற்பசு என்னும் முலையூட்டி வாழ்கின்றது. ஆவுளியா, கடற்பன்றி என்னும் பெயர்களும் இதற்குண்டு. ஏறக்குறைய 3 மீற்றர் நீளமுடைய இவ்விலங்கு, கடலில் வாழ்வதாயினும் மீனன்று, சுவாசப்பையாற் சுவாசிப்பது, கன்றையீன்று பாலூட்டுவது. கடலில் வாழும் முலையூட்டிகளுள், முற்றிலும் கடல்நீரிலேயே வாழ்ந்து, புல்லையே பேருணவாகக் கொள்வது இதுவொன்றே எனலாம். இதன் உணவாகிய கடற்புல், ஒளித்தொகுப்பு நிகழ்த்தற்குச் சூரியவொளியை வேண்டுவது. ஆதலின் ஒளி அடித்தளம்வரை செல்லும் ஆழங்குறைந்த கடலிலேயே செழித்து வளரும். பெரும்பாலும் ஆழங்குறைந்த பாக்கு விரிகுடா இப்புற்றரைகளுக்குப் பொருத்தமான இடமாயிற்று.

கடலடியிற் புல் மேயும் விலங்குக்கு நேரும் முதலிடர் மிதப்பாகும். சுவாசப்பையில் நிறைந்த காற்றும், புல் செரிக்குங்கால் குடலில் உண்டாகும் வாயுக்களும் உடலை மேலே தள்ளும். இவ்விடரைக் கடற்பசுவின் என்புகள் தீர்க்கின்றன. பிற முலையூட்டிகளின் என்புகளைக்காட்டிலும் அவை தடித்தனவும் அடர்த்தி மிக்கனவுமாம். சரக்கில்லாத கப்பலிலே நிலைப்பாட்டுக்காகப் பாரம் ஏற்றுவதுபோல, அவ்வென்புகள் உடலை நீருட் டாழ்த்துகின்றன. சுவாசப்பைகளோ முதுகின் வழியே நீண்டு கிடக்கின்றன. ஆதலின் தலையோ வாலோ மேலெழாது, உடல் கிடையாக நிற்கின்றது. நாசித்துவாரங்கள் முகத்தின் மேற்புறத்திலமைந்து, நீருள் மூழ்குங்கால் மூடிக்கொள்கின்றன. சில நிமிடங்களுக்கொருமுறை மேல்வந்து மூச்சுவாங்கி, மீண்டும் அடித்தளத்தை அடைகின்றது.

வாயின் அமைப்பும் தொழிலுக்கேற்றதே. முகம் கீழ்நோக்கி வளைந்திருத்தலின், தலையைச் சாய்க்காமலே தரையைத் தொடும். தடித்த மேலுதட்டாலும் அதிலுள்ள வன்மயிர்களாலும் புல்லை வேரோடும் பற்றியெடுக்கின்றது. அது மேய்ந்த வழி, புற்றரையில் நீண்ட சாலாகத் தோன்றும். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரையிற் புல்லையுண்ணும் இதன் பெருங்குடல் மட்டும் ஏறக்குறைய 25 மீற்றர் நீளமுடையது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரைச் சிதைத்து உணவாக்குகின்றன.

இத்துணைப் பொருத்தம் ஒருநாளில் அமைந்ததன்று. கடற்பசுவின் நெருங்கிய சுற்றம் மீனுமன்று, திமிங்கிலமுமன்று. நிலத்தில் வாழும் யானையே. யமேக்காத் தீவிற் கண்டெடுக்கப்பட்டு, 2001 ஆம் ஆண்டில் டொம்னிங் என்னும் அறிஞரால் விவரிக்கப்பட்ட உயிர்ச்சுவடொன்று இதற்குத் தக்க சான்றாகும். ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்விலங்குக்கு நிலத்தில் நடத்தற்குரிய நான்கு கால்களும் இருந்தன. நீரில் மூழ்குதற்குதவும் தடித்த விலாவென்புகளும் இருந்தன. காலப்போக்கில் முன்னங்கால்கள் துடுப்புகளாயின, பின்னங்கால்கள் மறைந்தன, வால் அகன்று, நீரை உந்தும் உறுப்பாயிற்று. இன்றைய கடற்பசுவின் உடலினுள் எஞ்சியுள்ள சிறிய இடுப்பென்புகள் அப்பழைய கால்களை நினைவூட்டுகின்றன.

இனி, இப்பொருத்தத்தின் மறுபக்கத்தை நோக்குவாம். புல் ஓடித் தப்புவதன்று; அதை மேய்வதற்கு விரைவு வேண்டுவதில்லை. ஆகவே கடற்பசு மெல்ல நீந்துவதாயிற்று. அது 70 ஆண்டுகள்வரை வாழவல்லது. ஆதலின் மெல்லவே இனம்பெருக்குகின்றது. ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் கருவைச் சுமந்து, ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழாண்டுகள்வரை செல்லும். அமைதியான புற்றரையில் இவையெல்லாம் குறைகளல்ல. ஆனால், இடம் மாறின் இக்குணங்களே கேடாகின்றன. வலையிற் சிக்கிய கடற்பசு மேல்வந்து மூச்சுவாங்க இயலாது, கடலில் வாழ்ந்தும் கடலிலேயே மூச்சடைத்து இறக்கின்றது. இழுவைமடி அடித்தளத்தை வாரிச் செல்லின் புல் வேரோடு அழியும். நீர் கலங்கின் ஒளி குன்றிப் புல் மடியும். ஆண்டுக்குச் சில தாய் விலங்குகள் மடியினும், அவ்விழப்பை ஈடுசெய்தல் அவ்வினத்துக்கு அரிதாகும்.

இது வெற்றச்சமன்று. 1741 ஆம் ஆண்டில், பெரிங்கின் கப்பலிற் சென்ற ஸ்ரெல்லர் என்னும் இயற்கையறிஞர், வடபசிபிக் சமுத்திரத் தீவொன்றையடுத்து, கடற்பாசியை மேய்ந்து வாழ்ந்த மாபெரும் கடற்பசுவினமொன்றைக் கண்டார். குளிர்ந்த கடலுக்கு அதன் தடித்த தோலும் கொழுப்பும் மிகப் பொருத்தமாயிருந்தன. எனினும், கரையோரத்தில் மெல்ல மேயும் அவ்விலங்குக்கு மனிதனின் ஈட்டியினின்றும் தப்பும் வகை தெரியவில்லை. 1768 ஆம் ஆண்டளவில், கண்டறியப்பட்ட 27 ஆண்டுகளுக்குள், அவ்வினம் பூண்டற்றொழிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அமைந்த இசைவாக்கம், ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த மாற்றத்தின் முன் நிற்கவில்லை.

இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் கடற்பசுவைக் கொல்லுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. விலங்கை மட்டுமன்றி அதன் புற்றரையையும் காத்தல் வேண்டுமென்னும் உணர்வு இதன்கண் புலனாகின்றது. ஆயினும், கடற்பசு நாட்டெல்லையை அறியாது. இரு கரையிலுள்ளாரும் கருத்தொருமித்தாலன்றி இக்காவல் முழுமையுறாது. வலையை நம்பி வாழும் குடும்பங்களின் இடர்ப்பாட்டையும் மறத்தலாகாது. இழுவைமடி வாரிய அடித்தளத்தில், புல்லோடு மீன்குஞ்சுகளின் உறைவிடமும் அழிகின்றது. ஆதலின் புற்றரையைக் காத்தல் மீனவரின் நாளைய உணவையும் காத்தலாகும்.

எனவே, விலங்கு இடத்துக்கு ஏற்றதாயிருத்தல் என்பது, அவ்விடமின்றி அது வாழ இயலாது என்பதற்கு மற்றொரு பெயரேயாம். புல்லையிழந்த கடலிலே கடற்பசுவின் கனத்த என்பும் வளைந்த வாயும் பயனற்ற சுமைகளே. இசைவாக்கத்தைக் கற்கும் மாணாக்கர், விலங்கின் உறுப்புகளை எண்ணுவதோடமையாது, அவ்வுறுப்புகள் எவ்விடத்துக்காக அமைந்தனவோ அவ்விடம் இன்றும் உளதோவென வினவுதல் வேண்டும். அவ்வினாவே கல்வியைக் கடமையாக்குவது.