தங்கம் தியேட்டர், மதுரை

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இன்று பல மாடி ஜவுளிக்கடை நிற்கும் இடத்தில் தங்கம் தியேட்டர் இருந்தது. 1952 தீபாவளிக்கு, கட்டட வேலை முழுதாக முடியும் முன்பே, ‘பராசக்தி’யோடு திறந்தார்கள். சிவாஜி கணேசனுக்கும் அதுதான் முதல் படம்.

இருக்கைகள் 2,563. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டுவார்கள். பெருமை சரி, நிரப்புவதுதான் பெரும்பாடு: மூன்று காட்சியும் நிறைய ஒரே நாளில் 7,600 பேருக்கு மேல் வரவேண்டும்.

அந்தக் காலத்துப் புரொஜெக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் வெளிச்சம்தான் திரைக்குப் போகும். குச்சி கரையக் கரைய ஆபரேட்டர் நெருக்கி வைப்பார். அசந்தால் படம் மங்கும், கீழே விசில் பறக்கும்.

மதுரையின் சிந்தாமணி தியேட்டர் தங்கம் தியேட்டருக்கும் மூத்தது. தியாகராஜ பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ (1937) ஈட்டிய லாபத்தில் எழுந்ததால், படத்தின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.