லெகோ ரயில் இன்ஜினில் ஒரு 90 டிகிரி ரகசியம்

நிஜ நீராவி இன்ஜின்ல பிஸ்டன் தள்ளும், சக்கரம் சுத்தும். 2009-இல் வந்த லெகோ 'எமரால்டு நைட்' மாடலுக்கு மோட்டார் போட்டா கதை தலைகீழ்: சக்கரம்தான் பிஸ்டனை இழுக்கும்.

ஆனா ஒரு விதி ரெண்டுக்கும் பொது. இடது, வலது கிராங்க் 90 டிகிரி தள்ளி இருக்கணும். ஏன்? கிராங்க்கும் ராடும் ஒரே நேர்க்கோட்டுல வந்தா, பிஸ்டன் எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் சுத்தாது. இதுதான் டெட் சென்டர். அப்போ மறுபக்கம்தான் காப்பாத்தும். மாடல்ல ராட் மட்டுமே சக்கரங்களை இணைச்சா, அந்த இடத்துல ஒரு சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பி ஜாம் ஆகலாம்.

நல்லவேளை, லெகோ ஆக்சில் கூட்டல் குறி வடிவம். சக்கரத்தை 90 டிகிரி படிகள்லதான் மாட்ட முடியும். ஒரு பக்கச் சக்கரங்களை எல்லாம் கழட்டி, ஒரே திசையில ஒரு படி திருப்பி மாட்டுங்க. கோணமானியே வேண்டாம்!