'லோவர்' என்றால் தாழ்வா?

சிங்கப்பூரில் ஈசூன் அவென்யூ 1-ஐ ஒட்டிக் கிடக்கும் பெரிய நீர்ப்பரப்புக்கு லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கம் என்று பெயர். சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்து 1986இல் உருவாக்கினார்கள். ஆற்றின் தலைப்பக்கம் இருப்பது அப்பர் சிலேத்தார். 'லோவர்' என்ற சொல் நம் காதில் தாழ்வாக ஒலித்தாலும் அது இங்கே யாரையும் தாழ்த்தவில்லை. இரண்டில் எது ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. ஒப்பீட்டுச் சொல்லுக்கு எப்போதும் ஒரு துணை வேண்டும். இதற்கு நல்ல சான்று பியர்ஸ் நீர்த்தேக்கம். நகரின் பொறியாளராக இருந்த ராபர்ட் பியர்ஸின் பெயர் 1922இல் அதற்குச் சூட்டப்பட்டபோது முன்னால் 'லோவர்' எதுவும் இல்லை. 1975இல் மேலே இன்னொரு அணை எழுந்த பிறகுதான் பழையது 'லோவர்' ஆனது. அதன் தண்ணீரோ கரையோ மாறவில்லை. பக்கத்தில் ஒரு ஜோடி வந்தது, அவ்வளவுதான்.

சாலைகளில் கணக்கு வேறு. அப்பர் சாங்கி சாலையோ அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் சாலையோ மேட்டில் ஏறுவதில்லை. நகர மையத்திலிருந்து அப்பால் நீளும் பகுதிக்குப் பெரும்பாலும் 'அப்பர்' என்கிறார்கள். சிராங்கூன் சாலை லிட்டில் இந்தியாவைக் கடந்து வடக்கே போய் அப்பர் சிராங்கூன் சாலையாவது அப்படித்தான். நமக்கும் இந்த வழக்கம் புதிதல்ல. மதுரையின் மேலமாசி வீதி மேற்கே, கீழமாசி வீதி கிழக்கே; இரண்டும் உயரத்தைச் சொல்லவில்லை. கொள்ளிடத்தின் மேலணையும் கீழணையும் சிலேத்தாரைப் போல நீரோட்டத்தை வைத்துப் பெயர் பெற்றவை.

தரத்தைக் குறிக்கவும் 'லோவர்' வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. ஆனால் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது அளக்கப்படும் பொருள். மதிப்பெண் 'லோவர்' என்றால் வருத்தம். ரத்த அழுத்தமோ மின்கட்டணமோ 'லோவர்' என்றால் நிம்மதி. தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளை 'லோவர் பிரைமரி' என்கிறார்கள்; அதில் படிக்கும் பிள்ளையை மட்டமானவன் என்று எந்தப் பெற்றோரும் நினைப்பதில்லை. பெயராகிவிட்ட பின் யார் இதையெல்லாம் யோசிக்கிறார்கள் என்றும் சொல்லலாம். சாலைப் பெயருக்கு அது பொருந்தும். நீர்த்தேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது: எது ஆற்றின் தலைப்பக்கம், எது கீழ்ப்போக்கு என்பதைப் பெயரே காட்டிவிடுகிறது.