முதலில் அடிப்பவர் யார்?

பொது வைபவங்களுக்குச் சென்றுவரும் எமது வாசகர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பர். மேடையில் மங்கல விளக்குத் தயாராக இருக்கும். திரியில் எண்ணெய் ஊறியிருக்கும். ஆனால், முதற் சுடரை ஏற்றுவது அரசியல்வாதியா, அரச அதிகாரியா, மதகுருவா என்ற வினா தீராமையால் மெழுகுவர்த்தி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக்கொண்டிருக்கும். இறுதியில் எவரேனும் ஒருவரின் முகச்சுளிப்புடன் நிகழ்ச்சி ஆரம்பமாகும். யார் முதலில் என்பது எமது மட்டக்களப்பு மண்ணில் சிறிய கேள்வியன்று.

இக்கேள்விக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக விடை எழுதித் திருத்தி வருகின்ற ஒரு விளையாட்டைப் பற்றி இன்று விளக்க விரும்புகிறோம். அது கோல்ப். வாவியின் எழுவான்கரையிலும் சரி படுவான்கரையிலும் சரி, கோல்ப் மட்டையைக் கையில் எடுத்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்கிவிடுவதும் எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும், அவ்விளையாட்டில் எவர் முதலில் பந்தை அடிப்பது என்பதற்கான முறைமை செல்வத்தையோ பதவியையோ கணக்கில் எடுப்பதில்லை. அதுவே எம்மை எழுதத் தூண்டியது.

கோல்ப் திடலில் வழமையாகப் பதினெட்டுக் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க மேடை இருக்கும். அதனை 'ரீ' என்பர். அங்கிருந்து பந்தை அடிக்கத் தொடங்கி, மிகக் குறைந்த அடிகளில் குழிக்குள் விழச்செய்ய வேண்டும். இருவர் முதல் நால்வர் வரை ஒரு குழுவாக நடந்து ஆடுவது வழக்கம். கூடவே நடந்துவரும் நடுவர் எவரும் பெரும்பாலும் இருப்பதில்லை. பந்தோ கல்லைப் போன்று கடினமானது. தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, ஒருவர் அடிக்கும்போது ஏனையோர் அசையாது, பேசாது, அவருக்கு முன்னால் செல்லாது நிற்க வேண்டும். முன்னே செல்லும் குழு பந்து எட்டும் தூரத்தைக் கடக்கும்வரை பின்னே வருபவர்கள் அடிக்கலாகாது. பந்து எவரையேனும் நோக்கிப் பறந்தால் 'ஃபோர்' என்று உரத்துக் கூவி எச்சரிக்க வேண்டும். முறைமை இங்கு வெறும் பண்பாடன்று, பாதுகாப்பும் ஆகும்.

எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய கோல்ப் விதிகள் 1744ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோவை அண்டிய லீத் என்ற இடத்தில் வகுக்கப்பட்டவை. அவை பதின்மூன்றே விதிகள். அச்சிறிய பட்டியலிலேயே குழியிலிருந்து மிகத் தொலைவில் எவரது பந்து கிடக்கிறதோ அவரே முதலில் அடிக்கக் கடமைப்பட்டவர் என்ற விதி இடம்பெற்றுவிட்டது. இன்றும் அது மாறவில்லை. பின்தங்கியவருக்கே அடுத்த வாய்ப்பு.

தொடக்க மேடையில் நிலை வேறு. அங்கு அனைவரும் ஒரே இடத்தில் நிற்பதால் தூரத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. முதலாவது குழியில் போட்டி ஏற்பாட்டாளரின் பட்டியலின்படியோ, ஆட்டக்காரரின் உடன்பாட்டின்படியோ, நாணயத்தைச் சுண்டியோ வரிசை தீர்மானிக்கப்படும். இரண்டாவது குழி தொடக்கம், முந்திய குழியை மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே முதலில் அடிப்பார். அவ்வுரிமைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரின் நேர்ப்பொருள் 'மரியாதை' என்பதாகும். எமது கோயில்களில் வழங்கும் முதல் மரியாதை என்ற சொல்லை நினைவூட்டும் இப்பெயர்ப் பொருத்தம் தற்செயலானதே. ஆனால், கோல்ப் மரியாதையின் ஆயுள் ஒரு குழி மாத்திரமே. அடுத்த குழியில் சறுக்கினால் அது மற்றவரிடம் சென்றுவிடும். இருவர் சமமாக முடித்தால் முன்னைய வரிசையே தொடரும். திறமை குறைந்தோருக்குச் சில அடிகள் சலுகையாகக் கழிக்கப்படும் வழக்கமும் இவ்விளையாட்டில் உண்டு. எனினும், மொத்த அடிகளை எண்ணும் போட்டிகளில் மரியாதையைத் தீர்மானிப்பது அச்சலுகை கழிக்கப்படுவதற்கு முன்னுள்ள எண்ணிக்கையே.

வரிசை தவறி அடித்தால் என்ன நேரும்? மொத்த அடிகளை எண்ணும் போட்டியில் தண்டனை இல்லை. இருவர் பேசிவைத்துக்கொண்டு, ஒருவருக்கு நன்மை கிட்டும் வகையில் வரிசையை மாற்றினால் மாத்திரமே தலா இரண்டு அடிகள் தண்டம். ஒருவரை ஒருவர் எதிர்த்துக் குழிக்குக் குழி வெல்லும் போட்டியிலோ எதிராளிக்கு ஓர் அதிகாரம் உண்டு. வரிசை தவறி அடித்த அடியை அவர் உடனடியாக இரத்துச் செய்து, மீண்டும் அடிக்கச் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம்.

சொல்வதா விடுவதா என்பதில்தான் சிக்கல். 2000ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் லொக் லோமன்ட் திடலில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் அணிகள் மோதிய சொல்ஹைம் கிண்ணப் போட்டியில் சுவீடன் வீராங்கனை அனிகா சொரன்ஸ்டாம், குழிமேடைக்கு வெளியிலிருந்து ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் விழச்செய்தார். ஐரோப்பிய அணியினர் ஆரவாரித்து முடியும் முன்னரே, அவர் முறை தவறி அடித்துவிட்டார் என்று அமெரிக்க அணியினர் முறையிட்டனர். அவர்களது பந்தே குழியிலிருந்து சற்றுத் தொலைவில் கிடந்தது. அடி இரத்தானது. இரண்டாம் முறை பந்து குழிக்குள் விழவில்லை. சொரன்ஸ்டாம் கண்ணீர் விட்டார். விதியின்படி அமெரிக்கர் செய்தது முற்றிலும் சரி. ஆயினும், பந்து விழுந்த பின்னர் வரிசையை நினைவுகூர்ந்தது பண்பா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. எம்மைக் கேட்டால், அடிப்பதற்கு முன்னர் 'இது எமது முறை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விதியும் காக்கப்பட்டிருக்கும், பண்பும் காக்கப்பட்டிருக்கும் என்போம். அக்கிண்ணத்தை இறுதியில் ஐரோப்பிய அணியே வென்றது.

விதிகளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முன்னர் திடலில் தனியொருவராக ஆடுபவருக்கு எவ்வித உரிமையும் கிடையாது. குழுக்கள் வந்தால் அவர் ஒதுங்கியே நிற்க வேண்டும். 2004ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கி, விரைவாக ஆடும் குழுவுக்கு மெதுவாக ஆடும் குழு வழிவிட வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டின் பெருந்திருத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மொத்த அடிகளை எண்ணும் போட்டிகளில், ஆபத்து இல்லாதவிடத்து, எவர் ஆயத்தமாக இருக்கிறாரோ அவர் வரிசையைப் பாராது அடிக்கலாம் என்பது மாத்திரமன்றி, அவ்வாறு அடிப்பது ஊக்குவிக்கவும்பட்டது. ஓர் அடிக்கு நாற்பது விநாடிகளுக்கு மேல் எடுக்கலாகாது என்ற பரிந்துரையும், தொலைந்த பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடங்களிலிருந்து மூன்றாகக் குறைந்ததும் அத்திருத்தத்தின் பகுதிகளே. மரியாதை ஒழிக்கப்படவில்லை. மற்றவரைக் காக்கவைக்கும் அளவுக்கு அது பெரிதன்று என்று கருதப்பட்டது, அவ்வளவே.

இவ்விளையாட்டு எமது நாட்டுக்கு வந்தது பிரித்தானியருடன். கொழும்பின் றோயல் கோல்ப் கழகம் 1879இலும், நுவரெலியாக் கழகம் 1889இலும் தோன்றின. நுழைவாயிலில் யார் எவர் என்று பார்த்த கழகங்கள்தாம் இவை. உள்ளே மட்டைப் பையைத் தோளில் சுமந்து பின்னே நடந்தவர்கள் ஏழைகள். திடலுக்குள் எழுதிய சமத்துவம் வாயிலில் நின்றுவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பை சுமந்தவர்களின் பிள்ளைகளும், சில வேளைகளில் சுமந்தவர்களே கூடவும், மட்டையை எடுத்தனர். பெங்களூரில் பை சுமக்கும் தொழிலில் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியப் பகிரங்கப் போட்டியின் சம்பியனானார். எண்ணிக்கை குறைந்தவருக்கே மரியாதை என்ற விதி முன்பு பை சுமந்தவர் என்று பாராதது.

வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் எமது பகுதியினருக்கும் இத்திடல்கள் அந்நியமானவையல்ல. பாலைவனத்தில் புல் வளர்த்து 1988இல் திறக்கப்பட்ட துபாய் எமிரேட்ஸ் கழகத்தின் புகழ்பெற்ற திடலுக்கு 'மஜ்லிஸ்' என்று பெயர். மஜ்லிஸ் என்றதும் எமது முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவையில் பானம் கொண்டுவரப்பட்டபோது, வலப்புறம் ஒரு சிறுவரும் இடப்புறம் பெரியவர்களும் இருந்தனர். வலப்புறத்தவருக்கே முறை என்பதால், பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க அச்சிறுவரிடம் அவர்கள் அனுமதி கேட்டார்கள். சிறுவர் விட்டுக்கொடுக்கவில்லை, பாத்திரம் சிறுவரிடமே கொடுக்கப்பட்டது. ஹதீஸ் நூல்களில் உள்ள இச்செய்தியில் வயதைக் காட்டிலும் முறையே முன்னின்றது.

எமது பிரதேசத்தில் முறை என்பது பெரும்பாலும் குடியைச் சார்ந்தது. தாய்வழியாக வரும் குடி முறைமை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது.  கோயில்களில் வண்ணக்கர்களும் பள்ளிவாசல்களில் மரைக்கார்களும் குடிவழியே தெரிவாகி வந்தனர். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். திருவிழா நாட்களைக் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிட்டமை சிறந்த ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம். ஒரு நாள் ஒருவர் முன்னே நிற்க, மறுநாள் அவர் பின்னே நிற்கிறார். அது முறை. காளாஞ்சி முதலில் எவர் கைக்குச் செல்வது என்பதில் ஒரே குடி என்றென்றும் முன்னே நிற்க முனையும்போது அது முறை என்ற நிலையை இழந்து தரமாகிவிடுகிறது. நீதிமன்றப் படியேறிய வழக்குகள் அங்கிருந்தே புறப்பட்டன.

வாவியைக் கடக்கும் துறைகளில் எமது முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 2014இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்துநின்றவர்கள் எத்தனை பேர்! முந்தி வந்தவர் முந்தி ஏறுவார். நோயாளி வந்தால் அனைவரும் விலகுவர். எவரும் எழுதிவைத்த விதியன்று அது. கல்லடியின் பழைய பாலத்திலும், 2013இல் புதிய பாலம் வரும்வரை, ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனங்களே செல்ல முடிந்தது. அக்கரையினர் வந்து முடியும்வரை இக்கரையினர் காத்திருந்தனர். பதவியாளர்களின் வாகனத் தொடரணி வந்த நாட்களில் அம்முறை என்னவாயிற்று என்பதை வாசகர்களே அறிவர்.

கோல்ப் ஆட்டத்தை நேரில் பார்க்க விரும்புவோர் கொழும்பு செல்லும்போது பொரளையை அண்டிய றிட்ஜ்வே திடலின் ஓரமாகச் சற்று நின்று பார்க்கலாம். களனிவெளி ரயில் பாதை அத்திடலை ஊடறுத்தே செல்கிறது. ரயில் வரும்போது மரியாதையைப் பெற்றவரும் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.