காடைக் குஞ்சு வாங்கும் முன்

"மொட்டை மாடியில் நூறு காடை வளருங்கள், மாதம் இருபதாயிரம் எடுங்கள். முட்டையை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்." இப்படிப் பேசும் வீடியோ ஒன்றாவது உங்கள் செல்போனுக்கு வந்திருக்கும். காடை வளர்ப்பு நல்ல தொழில்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அந்த இருபதாயிரத்தின் மேல்தான்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். முட்டையிடும் காடை ஒன்று நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை தீவனம் தின்னும். நூறு பெட்டைக்கு ஏறக்குறைய மூன்று கிலோ. நல்ல பருவத்தில் அவை 75, 80 முட்டை இடும். ஒரு பேச்சுக்குத் தீவனம் கிலோ 40 ரூபாய், முட்டை 2 ரூபாய் என்று வையுங்கள். செலவு 120, வரவு 150 அல்லது 160. கரண்ட் பில், செத்த பறவை, உடைந்த முட்டை, கடைக்குக் கொண்டுபோகும் பெட்ரோல் எல்லாம் மிச்சமிருக்கும் முப்பது நாற்பது ரூபாய்க்குள் அடங்க வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் கூடலாம், குறையலாம். இருபதாயிரம் மட்டும் வராது.

அப்படியானால் வீடியோவில் பேசுகிறவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் குஞ்சு விற்பனையிலிருந்து. அதாவது அவர் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தொழில் தொடங்க வரும் உங்களிடமிருந்து. நீங்களும் நாளை குஞ்சு பொரித்து அடுத்தவருக்கு விற்கலாம், அவர் அதற்கு அடுத்தவருக்கு விற்கலாம். தின்கிறவர் வாங்கினால்தான் அது சந்தை. வளர்க்கப் போகிறவர்களே மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு நாள் வரிசை தீர்ந்துபோகும். கொங்கு மண்டலத்துக்கு இது புதிதல்ல. பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு கோழித் திட்டங்கள் 2012-இல் சரிந்தபோது, பணம் கட்டியவர்கள் கையில் மிஞ்சியது தீவனம் கேட்டுக் கத்தும் பறவைகள்தான். ஆகவே, குஞ்சுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் ஊர் பிரியாணிக் கடை, முட்டைக் கடை, இறைச்சிக் கடை என்று நாலு இடத்தில் ஏறி இறங்கி, வாரம் எத்தனை முட்டை எடுப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து, பலரும் பயப்படும் விஷயம்: காடை வளர்க்க வனத்துறை அனுமதி வேண்டுமா? வேண்டாம். பண்ணையில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடு முழுவதும் பரவிய இனம் இது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று தனி ரகங்களையே உருவாக்கியிருக்கிறது. இடையில் 2011-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்தப் பறவையையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வைத்து, புதிய பண்ணைகளுக்கு உரிமம் கூடாது என்றது. பண்ணைக்காரர்கள் திண்டாடிப் போனார்கள். 2013-இல் ஜப்பானியக் காடைக்கு விலக்குக் கிடைத்தது. அந்தப் பழைய செய்தியை வைத்துக்கொண்டு இன்றும் மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் காட்டுக் காடை வேறு. வயல்வெளியில் கண்ணி வைத்துப் பிடித்து விற்கும் காடைகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சோதனைக்கு வருகிற அலுவலரிடம் "இது பண்ணைக் காடை" என்று வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. எந்தப் பண்ணையில், எந்தத் தேதியில், எத்தனை வாங்கினீர்கள் என்று காட்டும் பில் ஒன்றுதான் பேசும். அரசு நிலையத்திலோ பல்கலைக்கழகப் பண்ணையிலோ வாங்குவதில் இது ஒரு கூடுதல் நிம்மதி.

ஏமாற்று அதிகம் நடக்கும் இடம் குஞ்சு கைமாறும் இடம். பிறந்த குஞ்சின் எடை பத்து கிராம்கூட இருக்காது. முதல் வாரம் பல்ப் சூடு கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் அதிலேயே மூழ்கிவிடும். இதெல்லாம் தெரியாதவரிடம் ஒரு நாள் குஞ்சைத் தள்ளிவிட்டு, செத்த பிறகு "உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று சொல்வது எளிது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் விலை கூடினாலும் மூன்று வாரக் குஞ்சு வாங்குவது நல்லது. அந்த வயதில் ஆண், பெண் தெரியத் தொடங்கிவிடும். பறவையைக் கையில் எடுத்து மார்பைத் திருப்பிப் பாருங்கள். செம்பழுப்பாகப் புள்ளியில்லாமல் இருந்தால் சேவல். வெளிறிய நிறத்தில் கறுப்புப் புள்ளி தெளித்தது போல இருந்தால் பெட்டை. வளர்ந்த சேவலாக இருந்தால் ஆசனவாய்க்கு மேலுள்ள புடைப்பை இலேசாக அழுத்தினால் வெள்ளை நுரை வரும். "முட்டைக்குத் தயார் பெட்டை" என்று விற்ற கூண்டில் பாதி சேவலாக இருப்பது இந்த வியாபாரத்தில் பழைய கதை. இன்னொன்று, இந்தக் காடை அடைக்கு உட்காராது. முட்டை வாங்கி வைத்தால் தானே பொரித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இன்குபேட்டர் வேண்டும், பதினேழு பதினெட்டு நாள் கரண்டும் வேண்டும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? "வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், அதனால் நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று விற்றவர் சட்டம் பேசுவார். பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவரை விலக்குகிறது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. வீட்டு ஓரத்தில் நூறு காடையை நீங்களும் உங்கள் வீட்டாரும் பார்த்துக்கொண்டால் அந்த வரம்புக்குள் வருகிறோம் என்று வாதிட இடமுண்டு. விற்றவர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய எண்ணில் புகார் சொல்லிப் பாருங்கள், சில விற்பனையாளர்கள் அதற்கே இறங்கி வருவார்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம்.

ஆணையத்தில் கேட்பது ஆதாரம். பெட்டி வந்து இறங்கியதும் பிரிக்கும் முன்பே செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். எத்தனை உயிரோடு, எத்தனை செத்து, எத்தனை சேவல் என்று எண்ணுவது அதில் பதிய வேண்டும். செத்ததை உடனே புதைக்காமல் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். ஜிபேயில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு குஞ்சே அனுப்பாமல் போனை அணைத்துவிட்டவர் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. 1930 எண்ணுக்கு உடனே அழைத்தால் பணம் வெளியேறும் முன் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

"திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற ஒப்பந்தத்தில் டெபாசிட் என்ற சொல்லோ, மாதாமாதம் இவ்வளவு தருவோம் என்ற உறுதியோ இருந்தால் அது பறவை வியாபாரம் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புகாரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு எடுக்கும், சொத்தை முடக்கி முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தரவும் வழியுண்டு. ஈமு வழக்குகள் இந்தச் சட்டத்தின் கீழ்தான் நடந்தன. ஆனால் தீர்ப்பு வர வருடக்கணக்கில் ஆனது, அதையும் மனதில் வையுங்கள்.

விற்கும் பக்கத்திலும் உங்களுக்குக் கடமை உண்டு. உங்கள் காடை இட்ட முட்டையை நீங்களே பண்ணையில் விற்கும்வரை உணவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களை ஒரு விவசாயியாகவே பார்க்கிறது. பிறரிடம் வாங்கி விற்றாலோ, வேகவைத்து உப்பு மிளகு போட்டு வண்டியில் விற்றாலோ பதிவு வேண்டும். சர்க்கரை நோய் குணமாகும் என்று பலகை எழுதி வைத்தால் 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குறுக்கே வரும். "ஆயிரம் கோழிக்கு அரைக் காடை" என்பதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காடை முட்டை பத்துப் பன்னிரண்டு கிராம், ஐந்து சேர்ந்தால் ஒரு கோழி முட்டை எடை. புரதமும் எடைக்கு எடை ஏறக்குறைய அதே அளவுதான். பச்சையாகக் குடிக்கச் சொல்வதும் வேண்டாம், சால்மோனெல்லா கிருமிக்குக் காடை, கோழி என்ற பேதம் கிடையாது.

எச்சத்தை நாள்தோறும் அள்ளாவிட்டால் பக்கத்து வீட்டாரின் மனு கோட்டாட்சியர் வரை போகும், கூண்டை அகற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. எருவைச் சாக்கில் கட்டி தென்னை வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

காரணம் தெரியாமல் கொத்தாகப் பறவைகள் செத்தால் மறைக்காதீர்கள். பறவைக் காய்ச்சல் காடைக்கும் வரும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி தகவல் சொல்வது உரிமையாளரின் கடமை. நோய் உறுதியாகி அரசே கொன்று அழிக்கும் பறவைகளுக்கு இழப்பீடு உண்டு, அதற்கு முன்பே செத்தவற்றுக்குக் கிடையாது. சொல்லத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பீட்டுக் கணக்கு குறைந்துகொண்டே போகும். 1962 என்ற கால்நடை அவசர எண்ணைக் கூண்டின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.