ஆளுமை வகைப்பாடுகளும் ஆவிகளைப் பகுத்தறிதலும்

"நான் எத்தகையவன்?" என்னும் வினா தொன்மையானது. இவ்வினாவுக்கு விடையளிக்க முற்படும் ஆளுமை வகைப்பாடுகள் கடந்த அரை நூற்றாண்டில் திருச்சபையின் வாழ்விலும் இடம்பெற்றுள்ளன. மேலைநாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் தியான முகாம்கள், ஆற்றுப்படுத்தும் பணி, குருத்துவப் பணிக்கு ஆயத்தஞ்செய்தல் ஆகிய துறைகளில் இவை கையாளப்படுகின்றன. இவற்றைத் தூய ஆவியாரின் வெளிச்சமாகவே ஏற்போரும் உளர். அஞ்ஞானம் என்று அடியோடு தள்ளுவோரும் உளர். இவ்விரு நிலைகளும் ஆராயப்பட வேண்டியவை. இவை எங்கிருந்து வந்தன, எவ்வளவு நம்பத்தக்கவை, திருமறை கூறும் பகுத்தறிதலோடு இவற்றிற்கு என்ன உறவு என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்.

1. தோற்றமும் வளர்ச்சியும்

மாந்தரை வகைகளாகப் பிரித்தறியும் முயற்சி புதியதன்று. பண்டைக் கிரேக்க மருத்துவம், உடலில் குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் உண்டென்று கருதியது. இவற்றில் எது மிகுகிறதோ அதற்கேற்ப ஒருவரின் சுபாவம் அமையும் என்பது அக்கொள்கை. அம்மருத்துவம் கைவிடப்பட்டு நெடுங்காலமாயிற்று. ஆயினும் நால்வகைச் சுபாவம் என்னும் கருத்து மறையவில்லை. 1966இல் அமெரிக்கப் போதகர் டிம் லஹே வெளியிட்ட நூலொன்று, இக்கருத்தை ஆவியானவரின் ஆளுகையோடு இணைத்துச் சுவிசேஷ வட்டாரங்களில் பெரிதும் பரப்பியது.

சீர்திருத்தத் திருச்சபைக் குரு ஒருவரின் மகனாகிய கார்ல் குஸ்தாவ் யுங், தமது உளவியல் வகைகள் பற்றிய நூலை 1921இல் வெளியிட்டார். அகமுகம், புறமுகம் என்னும் பாகுபாடு அதன் வழியே பரவலாயிற்று. அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் ஆகிய இருவரும் அதனை விரித்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு வினாத்தாளை உருவாக்கினர். நான்கு இணைகளின் சேர்க்கையால் மாந்தரைப் பதினாறு வகையினராக அது பிரிக்கிறது. 1980இல் வெளியான மையர்ஸின் நூல், தன் தலைப்பையே ரோமர் 12:6இலிருந்து பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

என்னியாகிராம் எனப்படும் ஒன்பது முனைக் குறியின் வரலாறு வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குர்ஜீஃப் என்பவர் இக்குறியைத் தம் மாணவர்க்குக் கற்பித்தார். ஆனால் அவர் அதனை ஆளுமை வகைகளுக்குப் பயன்படுத்தவில்லை. பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோவே அதன் ஒன்பது முனைகளை மனித இயல்பின் ஒன்பது கட்டுகளோடு பொருத்தினார். சிலி நாட்டு உளமருத்துவர் கிளாடியோ நரஞ்சோ அதனை உளவியல் மொழியில் விளக்கி, 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கற்பித்தார். அங்கே கற்ற இயேசு சபைக் குரு ராபர்ட் ஆக்ஸ் வழியாக அது கத்தோலிக்கத் தியான இல்லங்களை அடைந்தது. 1989இல் பிரான்சிஸ்கக் குரு ரிச்சர்ட் ரோரும் ஜெர்மானிய லூத்தரன் போதகர் ஆந்திரெயாஸ் எபர்ட்டும் இணைந்து எழுதிய நூல், அதனைப் புராட்டஸ்தாந்தரிடமும் கொண்டு சேர்த்தது.

இவ்வொன்பது வகைகளும் பாலைவனத் துறவியரிடமிருந்து வழிவழியாக வந்தவை என்று சொல்லப்படுவதுண்டு. நான்காம் நூற்றாண்டின் எவாகிரியுஸ், துறவியரைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களைத் தொகுத்துரைத்தார் என்பது உண்மையே. ஆனால் அவர் மாந்தரை எட்டு வகையாகப் பிரிக்கவில்லை. அவ்வெண்ணங்கள் அனைத்தும் எல்லாரையும் தாக்கக்கூடியவை என்றே அவர் கருதினார். இவ்வேறுபாடு சிறிதன்று, பின்னர் நாம் கூறவிருப்பதற்கு இதுவே அடிப்படை.

2. நன்மையும் நம்பகமும்

இவற்றால் விளையும் நன்மையை மறுப்பதற்கில்லை. உடன் ஊழியர் நம்மினின்றும் வேறுபடுவது அவருடைய பிடிவாதத்தினால் அன்று, அவருடைய இயல்பினால் என்று உணரும்போது பொறுமை பிறக்கிறது. உரத்த செபமே உயிருள்ள செபம் என்று எண்ணும் சபையில், அமைதியில் ஆண்டவரைத் தேடுவோர் குற்றவுணர்விலிருந்து விடுபடுகின்றனர். ஒரே உடலில் பல உறுப்புகள் என்னும் பவுலடியாரின் போதனையை ஏற்போர், இயல்பின் பன்மையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

எனினும் அறிவியல் நோக்கில் இவற்றின் நிலை உறுதியானதன்று. மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாளைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதுவோரில் கணிசமானோர் வேறொரு வகைக்குள் வந்துவிடுகின்றனர். மாந்தரில் பெரும்பாலோர் அகமுகத்திற்கும் புறமுகத்திற்கும் இடைப்பட்ட நிலையில் நிற்பதே இதற்குக் காரணம். நடுவில் ஒரு கோடு கிழித்தால், கோட்டருகே நிற்போர் இன்று இப்புறமும் நாளை அப்புறமும் ஆவர். தொழில் வழிகாட்டலில் இவ்வினாத்தாளைப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்று 1991இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றக் குழுவொன்று தெரிவித்தது. என்னியாகிராமுக்கு இருக்கும் சான்றோ இதனினும் குறைவு.

"ஆனால் என்னைப் பற்றி அது சொன்னது முற்றிலும் சரியாயிருந்ததே" என்பார் உளர். உளவியலார் பெர்ட்ராம் ஃபோரர் 1949இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. அவர் 39 மாணவர்க்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தி, ஒவ்வொருவருக்கும் அவருக்கே உரியதெனக் கூறி ஒரு விளக்கத்தைக் கொடுத்தார். அதன் பொருத்தத்திற்கு மாணவர் வழங்கிய மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26. உண்மையில் அனைவருக்கும் தரப்பட்டது ஒரே விளக்கமே. அதுவும் சோதிட நூலொன்றிலிருந்து பெரும்பாலும் எடுக்கப்பட்டது. ஆகவே, பொருந்துவதாகத் தோன்றுவது உண்மைக்குப் போதிய சான்றாகாது. பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டு குணங்கூறுவதை ஏற்காத நாம், அதே மயக்கத்திற்கு வேறு பெயரில் இடங்கொடுத்தல் தகாது.

3. பகுத்தறிதல் என்பது யாது?

ஆவிகளைப் பகுத்தறிதலைத் தூய ஆவியாரின் வரங்களுள் ஒன்றாகப் பவுலடியார் எண்ணுகிறார் (1 கொரி. 12:10). எந்த ஆவியையும் நம்பிவிடாமல் சோதிக்கும்படி யோவானின் நிருபம் கட்டளையிடுகிறது (1 யோவான் 4:1). இங்கே எழும் வினா "இவர் எந்த வகையினர்?" என்பதன்று, "இவரில் செயல்படும் இத்தூண்டுதல் யாரிடமிருந்து வருகிறது? எங்கே கொண்டு சேர்க்கிறது?" என்பதாகும். 1548இல் வெளியான இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் ஆறுதலையும் வறட்சியையும் ஆராயக் கற்பித்ததும் இந்நோக்கத்திற்காகவே. நமது மரபில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், எழுப்புதல் காலத்து உணர்ச்சிகளை ஆராய்ந்து 1746இல் ஒரு நூல் வெளியிட்டார். மெய்யான அருளின் அடையாளங்கள் பன்னிரண்டை அதில் விளக்கிய அவர், கிறிஸ்தவ நடைமுறையை அவற்றுள் தலையாயதாக வைத்தார்.

வகைப்பாடு ஒருவர் தம்மைப்பற்றித் தாமே தரும் விடைகளைச் சார்ந்தது. இதயமோ திருக்குள்ளது என்கிறார் எரேமியா (17:9). பவுலடியார், தம்மைத் தாமே தீர்க்க முற்படாமல் அத்தீர்ப்பை ஆண்டவருக்கு விட்டுவிடுகிறார் (1 கொரி. 4:3-4). பகுத்தறிதல் திருவசனத்தின் கீழ், சபையின் ஐக்கியத்தில், காலம் எடுத்து நிகழ்வது. ஒரு மாலைப் பொழுதில் நிரப்பிய தாள் அதற்கு ஈடாகாது.

மேலும், வகை முடிவுரை கூறுகிறது. அருள் வரலாற்றை உண்டாக்குகிறது. பம்பிலியாவில் பிரிந்துபோன மாற்குவைப் பணிக்கு உதவாதவர் எனப் பவுல் தள்ளினார், பர்னபா அவரை உடன் அழைத்துச் சென்றார் (அப். 15:37-39). பின்னர் அதே மாற்கு ஊழியத்திற்குப் பயனுள்ளவர் என்னும் சொல்லைப் பவுலின் பெயரால் வந்த நிருபத்திலேயே காண்கிறோம் (2 தீமோ. 4:11). சீமோனைக் கண்ட ஆண்டவர், அவர் இருந்த நிலைக்கு அன்று, ஆகவேண்டிய நிலைக்கே பெயரிட்டார் (யோவான் 1:42).

4. ஆயர் பணிக்கான நெறிகள்

முதலாவது, வகைப்பாட்டைத் தன்னாய்வின் தொடக்கமாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. குருத்துவ அழைப்பை உணரும் ஒருவர் அகமுகர் என்பதனால் அவரைத் தகுதியற்றவர் எனத் தள்ளுதல் பெரும் அநீதி. தாம் திக்குவாயர் என்று மோசே கூறியதையும், தாம் சிறுபிள்ளை என்று எரேமியா கூறியதையும் ஆண்டவர் தடையாக ஏற்கவில்லை.

இரண்டாவது, இயல்பைப் பாவத்திற்குச் சாக்காக்கலாகாது. சபையாரைக் கடிந்து புண்படுத்தும் ஆயர் "என் சுபாவம் அது" என்று கூறி மனந்திரும்புதலைத் தவிர்க்க இயலாது. எட்டு எண்ணங்களும் எல்லாரையும் தாக்கும் என்ற எவாகிரியுஸின் நோக்கு இங்கே நமக்கு உதவுகிறது: நம் வகைக்குரிய குற்றம் ஒன்றை மட்டும் காத்து நிற்பவர், பிற வாயில்களைத் திறந்து விடுகிறார்.

மூன்றாவது, நாம் வாழும் சமுதாயம் பிறப்பைக் கொண்டு மாந்தரின் குணத்தையும் தகுதியையும் தீர்க்கப் பழகியது. சாதி என்பதே மிகக் கொடிய வகைப்பாடு. அதன் நிழல் திருச்சபைக்குள்ளும் விழுந்திருக்கையில், மனிதர்மீது புதிய முத்திரைகளைக் குத்துவதில் நாம் இரட்டிப்பான எச்சரிக்கை கொள்ளல் வேண்டும்.

நான்காவது, ஒருவர் தமது வகையை அறிவித்தபின்னும் ஆயர் அவர் சொல்வதற்குச் செவிகொடுக்க வேண்டும். வகையின் பெயரைக் கேட்டவுடன் ஆளை அறிந்துவிட்டதாக எண்ணுவதே இம்முறைகளின் பெரிய சோதனை. துன்பத்தில் நம்மிடம் வருபவர் வகையின் பிரதிநிதி அல்லர்; ஆண்டவர் பெயர்சொல்லி அழைத்த ஒரு மனிதர்.

1944ஆம் ஆண்டில் பெர்லின் நகரின் டேகல் சிறையிலிருந்த தீத்ரிக் போன்ஹேஃபர், தாம் யார் என்று வினவும் கவிதையொன்றை எழுதினார். பிறர் கண்ட உறுதிமிக்க மனிதரா, தாம் மட்டுமே அறிந்த கலங்கிய மனிதரா என்னும் வினாவை அவர் தீர்க்கவில்லை. தாம் யாராயினும் கடவுளுக்கு உரியவர் என்பதிலேயே அவர் இளைப்பாறினார். தன்னறிவைத் தேடுவோரை நாம் கொண்டு சேர்க்க வேண்டிய இடமும் அதுவே.